சார்ஜ் எடுத்த பேட்டரிக்காரர்

பேட்டரிக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாரும் ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அவருக்கு ஒரு வார்த்தை தெரியும். சார்ஜ். அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவர் கடை போட்டார், பெண் பார்த்தார், குடும்பம் நடத்தினார். சார்ஜ் ஏறியிருக்கு, சார்ஜ் இறங்கியிருக்கு, சார்ஜ் நிக்கல. தொழிலுக்கு வேண்டிய பேச்சு மொத்தமும் இதற்குள் அடங்கிவிடும். அந்த வார்த்தைக்கு வேறு பிழைப்பும் உண்டு என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

முதல் சந்தேகம் வந்தது ஆஸ்பத்திரியில். அவர் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்திருந்தார்கள். "நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்று நர்ஸ் சிரித்த முகத்தோடு சொன்னபோது இவருக்குப் பகீரென்றது. பேட்டரி டிஸ்சார்ஜ் ஆனால் துக்கச் செய்தி. பெண்டாட்டி டிஸ்சார்ஜ் ஆனால் நல்ல செய்தியாம். இது என்ன கூத்து என்று வராந்தாவில் நின்று கொஞ்சம் யோசித்தார். பிறகு, டாக்டர்கள் படித்தவர்கள், காரணமில்லாமல் சொல்ல மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலை வேனை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய பாதி வழியில் போன் வந்தது. தண்ணீர் இணைப்பு அலுவலகத்து ஹெட் கிளார்க். "யு.பி.எஸ். ராத்திரியிலேர்ந்து கீகீன்னு கத்துதுங்க. பேட்டரியில சார்ஜ் இல்லையாம். வந்து ஒரு பார்வை பாத்துடுங்க."

அலுவலகம் போகிற வழியில்தான் இருந்தது. பேட்டரியைக் கழற்றி வேனில் போட்டுக்கொண்டு போனால் கையோடு வேலை முடிந்தது. மனைவிக்குத் துணையாக அவள் தம்பி இருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தாக வேண்டும் என்பது மட்டும்தான் அவள் உத்தரவு. அதற்கு நேரம் கிடந்தது.

அலுவலக வாசலில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வைத்து, அதன் பின்னால் ஒரு பெண்ணை உட்கார்த்தியிருந்தார்கள்.

"என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

"சார்ஜ் விஷயமாம்மா."

"சார்ஜ் குடுக்கவா, எடுக்கவா?"

பேட்டரிக்காரர் யோசித்தார். கடைக்கு எடுத்துக்கொண்டு போய்த்தான் மற்றது. "எடுக்கத்தான்மா."

அந்தப் பெண் தட்டினாள். அவ்வளவு நாளும் சிவப்பாகவே இருந்த திரை பச்சையாக மாறியது. அவள் விறுக்கென்று எழுந்து நின்றாள். மெஷின் ஒரு அட்டையைத் துப்பியது. அவள் அதை நாடாவில் கோத்து இரண்டு கையாலும் அவர் கழுத்தில் மாட்டினாள். வருகிறவர்களுக்கெல்லாம் மாட்டுகிற அட்டை போலிருக்கிறது என்று அவர் குனிந்து கொடுத்தார்.

மேலே போனதும் ஹெட் கிளார்க் ஒரு பூங்கொத்தோடு நின்றுகொண்டிருந்தார். பூங்கொத்து பிளாஸ்டிக். இதற்காகவே அலமாரியில் வைத்திருந்ததால் தூசி மணத்தது.

"வாங்க சார், வாங்க. ரூமெல்லாம் தொடைச்சு வச்சாச்சு."

"ஐயா, நான் பேட்டரிக்காரன். நீங்கதானே போன் பண்ணீங்க?"

"நான்தான் பண்ணினேன். குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுடுச்சு. உட்காருங்க சார்."

உட்காரச் சொன்னது அலுவலகத் தலைவர் அறையில், தலைவர் நாற்காலியில். உயரமான முதுகு, மெத்து மெத்தென்ற திண்டு, கை வைத்தால் கை புதைகிறது. பேட்டரிக்காரர் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார். அப்போதுதான் கழுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தார். 'பொறுப்பு அலுவலர்' என்று போட்டு, சந்தேகப்படுகிறவர்களுக்காகக் கீழே 'இன்சார்ஜ்' என்றும் போட்டிருந்தது.

"ஐயா, இது தப்பா வந்திருக்கு."

"தப்புன்னு எனக்குத் தெரியும் சார். வாசல்ல இருக்கற பொண்ணுக்கும் தெரியும். இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும்." ஹெட் கிளார்க் குரலில் கொஞ்சமும் கேலி இல்லை. "ஆனா நாங்க தெரிஞ்சதை வச்சு வேலை செய்யறதில்லை. பதிவானதை வச்சுதான் செய்யறோம். மாசக்கணக்கா இந்த நாற்காலி காலி. இன்னைக்குத்தான் சிஸ்டம் ஒருத்தரை ஏத்துக்கிட்டிருக்கு."

"எனக்கு என்னங்க தகுதி இருக்கு?"

"முன்னாடி வந்தவங்க யார்கிட்டயும் நாங்க அதைக் கேட்டதில்லை. உங்ககிட்ட மட்டும் கேட்டா அது பாரபட்சம்."

"அப்ப திருப்பிக் குடுத்துடறேன். நீங்களே வாங்கிக்கோங்க."

"சார்ஜ் வாங்கற கிரேடு எனக்கு இல்லை சார்."

"எனக்கு முன்னாடி இருந்தவர் எப்படிப் போனார்?"

"அவர் எங்க போனார்? மெடிக்கல் லீவுல இருக்கார்."

பேட்டரிக்காரர் எழுந்தார். கீழே எங்கோ யு.பி.எஸ். கீகீ என்று கத்திக்கொண்டிருந்தது. குழந்தை அழுவதைக் கேட்ட தாய்மாதிரி அவருக்கு மனசு கேட்கவில்லை. "சரி, வந்ததுக்கு அந்தப் பேட்டரியையாவது பாத்துட்டுப் போறேன்."

ஹெட் கிளார்க் பதறிப்போய்க் கதவை மறித்துக்கொண்டார். "அதிகாரி பேட்டரியைத் தொட்டா ஊழியர் சங்கம் சும்மா விடுமா? அதுக்குன்னு ஒரு வெளியாளை வரச் சொல்லியிருக்கோம் சார். இன்னும் வரலை."

"நான்தாங்க அந்த வெளியாள்!"

"அதான் நீங்க உள்ளே வந்துட்டீங்களே."

அவர் திரும்ப உட்கார்ந்தார். இந்தத் தடவை நாற்காலி கொஞ்சம் அதிகமாகவே உள்ளே இழுத்துக்கொண்டது.

அதற்குள் பிரிவுக் கண்காணிப்பாளர்கள் அறிமுகத்துக்கு வந்து வரிசையாக நின்றார்கள். ஆறு பேர். எல்லோரும் சார்ஜ் பிரிவுதான். முதல் பிரிவு, இணைப்புக்கு வாங்குகிற கட்டணம். அதுவும் சார்ஜ். இரண்டாவது, யார் எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்பது. அதுவும் சார்ஜ். மூன்றாவது, ஊழியர்கள் மேல் குற்றச்சாட்டு. நான்காவது, மின்சாரம், பேட்டரி வகையறா. ஐந்தாவது, கூட்டம் கூடினால் கலைப்பது. ஐந்தாவது பிரிவுக்காரர் மட்டும் கூச்சத்தோடு, "எங்களுக்கு இன்னும் வேலை வரலை சார். தடியெல்லாம் எண்ணெய் போட்டுத் தயாரா இருக்கு" என்றார்.

"நீங்க?" என்று ஆறாவது ஆளைக் கேட்டார் பேட்டரிக்காரர்.

ஆறாவது கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எல்லோரையும்விட வயதானவர், எல்லோரையும்விட நன்றாகத் தூங்கி எழுந்த முகம். "ஒரு பேப்பர் வருது சார். அதுல சார்ஜ்னு எழுதியிருக்கு. அது இந்த அஞ்சுல எந்த சார்ஜ்? அதை முடிவு பண்றது என் பிரிவு."

"எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"முடிவு பண்றதில்லை சார், அஞ்சு பிரிவுக்கும் அனுப்பிடுவோம். அஞ்சு பேரும் இது எங்களுது இல்லைன்னு எழுதித் திருப்பி அனுப்புவாங்க. மறுபடியும் அனுப்புவோம்."

"அதுக்கு ஒவ்வொண்ணுக்கும் வேற வேற பேர் வச்சுட்டா குழப்பமே இருக்காதே? இது கட்டணம், இது பொறுப்புன்னு..."

ஆறு பேரும், செத்த வீட்டில் சிரித்தவனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார்கள். ஆறாவது கண்காணிப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தமோ அத்தனை பிரிவு. ஒரு பிரிவுக்கு எத்தனை மேஜையோ அத்தனை குடும்பம். நீங்க பாட்டுக்கு அர்த்தத்தைத் தெளிவாக்கிட்டுப் போயிடுவீங்க. நாங்க பிள்ளைகுட்டிக்காரங்க. நாளைக்கே ஆறாவதா ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சா என் மச்சினனுக்கு ஒரு வேலை ஆகும்னு நானே ராத்திரியெல்லாம் யோசிச்சுட்டிருக்கேன்."

மற்ற ஐந்து பேரும் உருக்கமாகத் தலையாட்டினார்கள்.

அவர்கள் போனதும் ஒரு கட்டு மனுக்கள் மேஜைக்கு வந்தன. எனக்கு ஒன்றும் தெரியாது, நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேட்டரிக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஹெட் கிளார்க் மெய்சிலிர்த்துப் போனார். "முன்னாடி இருந்தவரும் இப்படித்தான் சார். அவருக்கு அது பிடிபட ஒரு வருஷம் ஆச்சு. உங்களுக்கு உட்கார்ந்ததுமே வந்துடுச்சு."

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு. வாசல்ல நாற்காலி போட்டு உட்கார வச்சிருக்காங்க. எங்க இருக்கீங்க?"

"நீ ஆயிட்டே. நான் இன்னும் ஆகலை."

"என்ன உளர்றீங்க?"

"தண்ணி ஆபீசுக்கு சார்ஜ் எடுக்க வந்தேன். எடுத்துட்டேன். குடுக்க ஆள் இல்லைங்கறாங்க."

"ஒரு பேட்டரிக்கு இவ்வளவு பேச்சா? தையல் சுருக்கு சுருக்குன்னு இழுக்குது. தம்பியோட ஆட்டோல போயிடலாம்னா வீட்டுச் சாவி உங்ககிட்ட..."

போன் அணைந்தது. ஊருக்கெல்லாம் சார்ஜ் ஏற்றுகிறவர் ராத்திரி போனைச் சொருக மறந்திருந்தார். சுவரில் ஒரு பிளக் இருந்தது. பையிலிருந்து ஒயரை எடுத்துச் சொருகினார். சொருகிய கை திரும்புவதற்குள் மூன்றாவது பிரிவுக் கண்காணிப்பாளர் உள்ளே வந்துவிட்டார். அவர் முகத்தில், மகளுக்கு வரன் அமைந்த சந்தோஷம்.

"வாழ்த்துகள் சார். உங்க மேல சார்ஜ் மெமோ."

"எதுக்குங்க?"

"மூணு சார்ஜ். ஒண்ணு, உங்க சார்ஜ்ல இருக்கற அலுவலகத்துல பேட்டரிக்கு சார்ஜ் இல்லை. ரெண்டு, வரச் சொன்ன பேட்டரிக்காரர் வரலை. அவர்கிட்ட நீங்க விளக்கம் கேட்கலை. மூணு, சொந்தப் போனை அலுவலக மின்சாரத்துல சார்ஜ் போட்டது. மூணாவது இப்பதான் கிடைச்சுது. ரெண்டோட வந்தா நல்லா இருக்காதேன்னு வாசல்லயே நின்னுட்டிருந்தேன்."

விசாரணை பக்கத்து அறையிலேயே நடந்தது. விசாரணை அதிகாரி ரொம்ப நாளாக விசாரிக்க ஆளில்லாமல் வாடியிருந்தவர். மேஜைமேல் தண்ணீர் டம்ளரை மூடி, திறந்து, மூடி, பிறகு ஆரம்பித்தார்.

"வரச் சொன்ன பேட்டரிக்காரர் ஏன் வரலை?"

"வந்தாருங்க. நான்தான்."

"அப்ப அவர்கிட்ட விளக்கம் கேட்டீங்களா?"

"என்கிட்ட நானே எப்படிங்க கேக்கறது?"

"எழுத்து மூலமா."

மனைவி ஆஸ்பத்திரி வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற காட்சி பேட்டரிக்காரர் கண்முன் வந்து நின்றது. "ஐயா, எல்லாத்தையும் ஒத்துக்கறேன். என்னைத் தூக்கி வெளியே போட்டுடுங்க. புண்ணியமாப் போகும்."

விசாரணை அதிகாரி முகம் சுண்டிவிட்டது. "இப்படி எடுத்த எடுப்புல ஒத்துக்கிட்டா நான் எதுக்கு சார் இருக்கேன்? நீங்க மறுக்கணும். நான் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைக்கணும். அப்புறம் எனக்கு உடம்பு சரியில்லாம போகணும். எவ்வளவு இருக்கு! விசாரணை முடியற வரைக்கும் நீங்க பொறுப்பை விட்டு நகரக்கூடாது."

திரும்பத் தலைவர் அறைக்கே கொண்டுவந்து விட்டார்கள்.

இதற்குள் வாசலில் செய்தி பரவிவிட்டது. தண்ணீர் அலுவலக நாற்காலியில் ஆள் உட்கார்ந்துவிட்டாராம் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் கேட்க, மாசக்கணக்காக நடையாய் நடந்தவர்களெல்லாம் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். சலவைக்கடைக்காரம்மா ஈரக் கையோடு வந்திருந்தாள். சலூன்காரர் பாதி ஷேவிங்கில் ஒருவரை விட்டுவிட்டு வந்திருந்தார். அந்த ஒருவரும் நுரையோடு கூடவே வந்திருந்தார், அவருக்கும் ஒரு மனு இருந்தது.

செக்யூரிட்டி சூப்பர்வைசர் மேலே ஓடி வந்து விறைப்பாக நின்றார்.

"சார், சார்ஜ் பண்ணிடலாமா?"

காலையிலிருந்து காதில் விழுந்ததில் பேட்டரிக்காரருக்குப் புரிந்த முதல் வாக்கியம் அதுதான். அவர் முகம் மலர்ந்தது. ஒரு வழியாக யாரோ பேட்டரியைப் பற்றிக் கேட்கிறார்கள்.

"பண்ணுங்க தம்பி! இதைக் கேக்கவா இவ்வளவு நேரம்? நல்லா முழுசாப் பண்ணுங்க."

"முழுசாவா சார்?"

"அரைகுறையா விட்டா மறுபடியும் கத்த ஆரம்பிச்சுடும். சூடாகும், பயப்படாதீங்க."

சூப்பர்வைசர் கண்ணில் நீர் தளும்பியது. "இப்படித் தைரியம் குடுக்கற அதிகாரி எங்களுக்கு வாய்ச்சதே இல்லை சார்" என்று சல்யூட் அடித்துவிட்டு ஓடினார்.

பேட்டரிக்காரர் நிம்மதியாக ஜன்னலுக்கு வந்தார். கீழே ஐந்தாவது பிரிவுக்காரர் காவலாளிகளுக்கு வரிசையாகத் தடி கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் சந்தனம் கொடுப்பவர்போல் அப்படி ஒரு உபசாரம். பேட்டரிக்கு எதற்குத் தடி என்று அவர் யோசிக்கும்போதே, கேட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் ஒரு கையோடு, அவர் மனைவி இறங்கிக் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

பேட்டரிக்காரர் எப்படிப் படி இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது. ஓங்கிய தடிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். நெஞ்சில் அட்டை ஆடியது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! நான் சொன்னது பேட்டரியை!"

சூப்பர்வைசர் தடியை இறக்காமலே கேட்டார். "பேட்டரியை எதுக்கு சார் அடிக்கணும்?"

"யாரையும் அடிக்கக்கூடாது! தடியைக் கீழே போடுங்க!"

தடிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஐந்தாவது பிரிவுக்காரர் ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். தன் ஒரு வார்த்தையால் என்ன ஆகியிருக்கும் என்று பேட்டரிக்காரர் நினைத்துப் பார்த்தார். அந்த வார்த்தையைச் சொல்லவே இனி யோசிக்க வேண்டும்போலிருந்தது.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கழுத்துல என்ன அது?"

"அப்புறம் சொல்றேன். நீ எதுக்கு இங்க வந்தே?"

"சாவிக்கு. வேற எதுக்கு? உங்க அழகைப் பாக்கவா?"

சாவி மேலே பையில் இருந்தது. அவளால் நிற்க முடியவில்லை. அங்கே திண்டு வைத்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அவரும் மச்சானும் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போய் அதில் அவளை உட்கார்த்தினார்கள். கூட்டமும் பின்னாலேயே வந்துவிட்டது. தடுக்க வேண்டியவர்கள் தடியில்லாமல் என்ன செய்வதென்று தெரியாமல் வழிவிட்டார்கள்.

சலவைக்கடைக்காரம்மா, நாற்காலியில் இருக்கிறவர்தான் அதிகாரி என்று நேரே அவளிடம் மனுவை நீட்டினாள். "பைப்பு கடை வாசல் வரைக்கும் வந்து நிக்குதும்மா. எல்லாம் கட்டியாச்சு. ஒரு கையெழுத்துதான் பாக்கி. துணியைத் தலையில வச்சுக்கிட்டுத் தெருத் தெருவாத் தண்ணிக்கு அலையறேன்."

மனைவி கணவரைப் பார்த்தாள். "யாரு கையெழுத்துப் போடணும்?"

"நான்தான். ஆனா எனக்கு இதைப்பத்தி ஒண்ணும்..."

"போட்டு விடுங்களேன். துணி துவைக்கறவங்க தண்ணியில்லாம என்ன பண்ணுவாங்க? அவங்க போனாத்தானே நாம போகலாம்? எனக்குப் பசிக்குது."

அது நியாயமாகப் பட்டது. போட்டார். அடுத்து சலூன்காரர். போட்டார். நுரைக்காரர். போட்டார். மனைவி ஒவ்வொருவரிடமும் "என்னங்க உங்களுக்கு?" என்று கேட்பாள். அவர்கள் சொல்வார்கள். "போடுங்க" என்பாள். மச்சான் முத்திரை குத்தினான். ஹெட் கிளார்க் "சார், ஆறாவது பிரிவு பாக்கலை சார், ஆறாவது பிரிவு பாக்கலை சார்" என்று மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேஜைமேல் இருந்த கட்டு கரைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் மேஜையின் மரம் தெரிந்தது. அந்த மரம் என்ன நிறம் என்பதை அங்கே யாரும் அதுவரை பார்த்ததில்லை.

வெறும் மேஜையைக் கண்டதும் கட்டடத்தில் கிலி பிடித்துக்கொண்டது. ஆறு கண்காணிப்பாளர்களும் விசாரணை அதிகாரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். சார்ஜ் கொடுக்க வழியே இல்லை என்று காலையிலிருந்து சாதித்தவர்கள், மச்சான் வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் வழி கண்டுபிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

விசாரணை அதிகாரி நின்றுகொண்டே வாசித்தார். "முதல் மூணு குற்றச்சாட்டும் கைவிடப்படுது. நாலாவதா ஒண்ணு சேர்ந்திருக்கு. நிலுவையில இருந்த வேலையை ஒரே மத்தியானத்துல முடிச்சிருக்கீங்க. இது இந்த அலுவலகத்தோட எதிர்காலத்துக்கே ஆபத்து. நேர்ல பார்த்த சாட்சியே அம்பது பேர் இருக்காங்க. குற்றம் ருசுவாயிடுச்சு. உங்களை இந்த நிமிஷமே பொறுப்புலேர்ந்து டிஸ்சார்ஜ் பண்றோம்."

"யார்கிட்டங்க ஒப்படைக்கணும்?"

"யார்கிட்டயும் வேண்டாம். அப்படியே வச்சுட்டுப் போங்க."

பேட்டரிக்காரர் அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கழுத்து லேசானது.

அப்போதுதான் ஆறாவது கண்காணிப்பாளருக்கு ஒரு யோசனை வந்தது. "இவர் போட்ட கையெழுத்தையெல்லாம் ரத்து பண்ணிட்டா என்ன?"

சலவைக்கடைக்காரம்மா தன் தாளைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"பண்ணலாம் சார்" என்றார் ஹெட் கிளார்க். "ரத்து பண்றதுக்குப் பொறுப்பு அலுவலர் கையெழுத்து வேணும்."

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். மனைவி அப்போதுதான் எழுந்திருந்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

வேனில் மனைவி முன் இருக்கையில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டாள். மச்சான் பின்னால், பேட்டரி வைக்கிற இடத்தில் காலை நீட்டியிருந்தான். பேட்டரிக்காரர்தான் ஆற்றாமையோடு ஆரம்பித்தார்.

"மனுஷங்களா அவங்க? ஊர் சனம் தண்ணிக்கு அலையுது. இவங்க பாட்டுக்கு உட்கார்ந்துட்டு ஒரு துரும்பைக்கூட நகர்த்தாம..."

மனைவி பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.

"அவங்களைச் சொல்லிக் குத்தமில்லைங்க" என்றாள். "அந்த நாற்காலியில உட்கார்ந்த உடனே எனக்கே கண்ணு சொக்கிடுச்சு. நடுவுல நாலு பேர்கிட்ட என்ன கேட்டேன், எதுக்குப் போடுங்கன்னு சொன்னேன்னு சத்தியமா ஞாபகம் இல்லை."